வெள்ளிக்கிழமை வெட்டிய நகம்

என் கார் சாவியோடு ஒரு நகவெட்டி தொங்குகிறது. பழசு. மேலே ஏதோ பூப்படம் இருந்தது, தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. கார் ஓடும்போது ஆடி ஆடி என் முட்டியில் தட்டும். மகள் புதுச் சாவி வளையம் ஒன்று வாங்கித் தந்தாள், கரடிப் பொம்மை வைத்தது. அதை வீட்டுச் சாவிக்குப் போட்டுக்கொண்டேன். கார் சாவிக்கு இதுதான்.

இது என் வீட்டுக்காரருடையது. அவர் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டினார். மஸ்ஜித் தானா என்கிற ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் குலை ஏற்றி, எண்ணெய் ஆலையில் கொண்டுபோய்க் கொட்டுகிற வேலை. இந்த நகவெட்டி அந்த லோரிச் சாவியில் கிடந்தது. நகம் வெட்ட மட்டும் இல்லை. உள்ளங்கையில் ஏறிய செம்பனை முள்ளைப் பிடுங்க, குலைமேல் போடுகிற வலையின் கயிற்றை நறுக்க, ஆலை வாசலில் காத்துக் கிடக்கும்போது பொழுது போகாமல் திறந்து மூட, எல்லாவற்றுக்கும் இதுதான். உடம்பு முடியாமல் போனபின் முதலாளி ஆள் அனுப்பி லோரிச் சாவியைக் கேட்டார். வளையத்திலிருந்து நகவெட்டியை இவர் ஒரு கையால் கழற்றப் பார்த்தார், முடியவில்லை. நான் கழற்றிக் கொடுத்தேன். சாவியை வந்தவனிடம் நீட்டிவிட்டு நகவெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் பேச்சு எப்போதும் கொஞ்சம்தான்.

அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது குலை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில். லோரியை ஓரம் கட்டி, இஞ்சினை அணைத்துவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் பெரிதாகச் சொன்னார்கள். அவர் அப்படிப்பட்ட ஆள்தான், எனக்கு அது புதிதில்லை. இடது பக்கம் இழுத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து சில மாதத்தில் கால் கொஞ்சம் திரும்பியது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கை திரும்பவில்லை. முதலில் துணி மாதிரித் தொங்கியது, பிறகு மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. கட்டைவிரல் உள்ளே, மற்ற விரல்கள் அதன்மேல். பிறந்த குழந்தை கையை அப்படித்தான் வைத்திருக்கும். ஆனால் குழந்தை கைக்குள் நம் விரலை விட்டால் விரியும். இது விரியவில்லை. லோரி ஓட்டுகிறவருக்கு இடது கைதான் கியர் கை. அந்தக் கை மூடிக்கொண்டது.

அவருக்குச் சர்க்கரை வியாதி, நாங்கள் இனிப்புநீர் என்போம், அதுவும் இருந்தது. மூடிய கைக்குள்ளே நகம் வளர்ந்தது. வளர்ந்த நகம் உள்ளங்கையைக் குத்தியது. ஒருநாள் சோறு போடக் குனிந்தபோது வாடை அடித்தது. எங்கிருந்து என்று முதலில் தெரியவில்லை, மீன் கழுவிய தண்ணீரோ என்று நினைத்தேன். அவர் கையிலிருந்துதான் வந்தது. அவருக்கும் தெரிந்திருக்கிறது. கையை மேசைக்குக் கீழே கொண்டுபோனார்.

நாங்கள் இரண்டு பேரும் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். விடியுமுன்னே பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று பேர் கொடுக்கிற சனத்துக்குள் வளர்ந்தோம். அங்கே காய்ச்சல் வந்தால்கூட தோட்டத்து மருந்தகத்து டிரெஸர் பார்த்து, ஆமாம் காய்ச்சல்தான் என்று சொன்னால்தான் காய்ச்சல். அவர் சொல்லாமல் படுத்திருக்கிறவனுக்குச் சோம்பேறி என்று பேர் வந்துவிடும். பிறகு அந்தப் பேர் போகாது. அதனால் எங்களுக்கு உட்கார்ந்திருப்பதே ஒரு கூச்சம். குருபோங் பக்கம் பிளாட்டுக்குக் குடிவந்து இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கூச்சம் போகவில்லை. விருந்தாளி வந்தால்கூட நான் கையில் வெங்காயத்தை வைத்து உரித்துக்கொண்டேதான் பேசுவேன். என் வீட்டுக்காரர் பிள்ளைகளிடம், "சும்மா இருக்கிற கை அழுகிப்போகும்" என்று சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தார். கைக்குள் புண் வந்தபின் அந்தச் சொல்லை அவர் சொல்லவே இல்லை. ஆனால் நினைத்துக்கொண்டிருந்தார். சோபாவில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆலை வரிசையில் கூட நிற்கிற லோரிக்காரர் ஒருவர் பார்க்க வந்தார். ரப்பர் பந்து ஒன்று கொண்டுவந்தார். "அண்ணே, இத நல்லா அமுக்குங்க. நரம்பு முறுக்கேறும்லா" என்று சொல்லி, மூடிய கைக்குள் அதைத் திணித்துவிட்டுப் போனார். நல்ல மனசில்தான் செய்தார். இவருக்கு வேலை ஒன்று கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. காலையில் கோப்பி குடித்தவுடன் பந்தை எடுப்பார், நான் வேலை முடிந்து வரும்போதும் அமுக்கிக்கொண்டிருப்பார். வேர்வை ஊற்றும். நானும் சும்மா இருக்கவில்லை. காலையில் வேலைக்குப் போகுமுன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகப் பிடித்து இழுப்பேன். "இழு" என்பார். பல்லைக் கடித்துக்கொள்வார். நான் இழுக்க இழுக்க அந்தக் கை இன்னும் இறுகும். உள்ளே துணி வைக்கக்கூட இடம் கிடைக்காது. இரண்டு பேரும் பிடிவாதம் பிடித்த ஆட்கள். கையும் எங்களைப் போலத்தான் இருந்தது.

மருத்துவமனையில் பயிற்சி சொல்லித்தரும் பெண் ஒருவர் இருந்தார். மலாய்க்காரப் பெண், என் மகளைவிடச் சின்னவள். பந்தைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வாங்கித் தன் மேசையில் வைத்துக்கொண்டாள். கையோடு சண்டை போடாதீர்கள் அங்கிள் என்று மலாயில் சொன்னாள். இந்தக் கைக்கு இப்போது இறுக்கிப் பிடிக்க மட்டும்தான் தெரிகிறதாம். நாம் முக்கினால் பிடிக்கும். கோபப்பட்டால் பிடிக்கும். பயந்தால் பிடிக்கும். யாராவது வெடுக்கென்று இழுத்தால் இன்னும் பிடிக்கும். மெதுவாக மூச்சு விடுங்கள், தோளைத் தொங்க விடுங்கள், வேறெதையாவது நினையுங்கள், லெபாஸ், விட்டுவிடுங்கள் என்றாள். அவள் கைபட்டு அவர் விரல் கொஞ்சம் இளகியதைக்கூட நான் பார்த்தேன். அவர் குனிந்து பார்த்தார். உடனே மூடிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து படியேறும்போது, இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"விட்டுடு விட்டுடுன்னா எத விடறது? எல்லாத்தயும் விட்டாச்சு."

நான் அவர் வலது கையைப் பிடித்து அடுத்த படியில் ஏற்றினேன்.

புண் ஆழமாகிக்கொண்டே போனது. டாக்டரம்மா நல்ல மாதிரி. தமிழிலேயே பேசினார். நரம்பை இளக்கும் மாத்திரை எழுதித் தந்தார், இனிப்புநீர் மருந்தைக் கூட்டினார். பயம், வலி, தூக்கமில்லாமல் கிடப்பது எல்லாம் சேர்ந்துதான் கையை முறுக்குகிறது, புண்ணையும் ஆறவிடாமல் செய்கிறது என்று சொன்னார். அடுத்து வந்து காட்ட வேண்டிய தவணைக்குள் நகத்தை வெட்டி உள்ளே சுத்தம் செய்ய வழி இல்லையென்றால், அறுவை செய்து விரலை மடக்குகிற நரம்பை வெட்டிவிட வேண்டியிருக்கும் என்றார். வெட்டினால் திறக்குமா என்று இவர் கேட்டார். திறக்கும் என்றார். அப்புறம் எதையாவது பிடிக்குமா என்று கேட்டார். பிடிக்காது ஐயா என்றார் டாக்டரம்மா. புண் எலும்புவரை போனால் அதைவிட மோசம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அன்றிலிருந்து அவர் தூக்கம் போயிற்று. வெட்டிவிடுவார்கள் என்கிற ஒன்றுதான் அவர் மனசில் நின்றது. பயப்படப் பயப்படக் கை இறுகியது, இறுக இறுக நகம் உள்ளே போனது, அதைப் பார்த்து இன்னும் பயந்தார். அவருக்கு உதவ நினைத்து நான் அதட்டினேன். அதட்டினால் அதற்கும் இறுகும்.

புண்ணைக் கழுவ அடிக்கடி கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. மகன் சிங்கப்பூரில் வேலை. மகள் மஸ்ஜித் தானாவில், கைக்குழந்தைக்காரி. பக்கத்து வீட்டுத் தம்பி சில தடவை கொண்டுபோய் விட்டார், எத்தனை நாள் கேட்பது. கார் கீழே நின்றது, பழைய சாகா வண்டி. என்னிடம் லைசென்ஸ் இருந்தது. குருபோங் தொழிற்சாலை ஒன்றின் கேண்டீனில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட வேலை செய்த பெண்களோடு சேர்ந்து போய் எடுத்தது. வருஷா வருஷம் புதுப்பிப்பேன். ஓட்டியது இல்லை. நான் இருக்கும்போது நீ எதற்கு ஓட்ட வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். சரிதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

முதல் தடவை அவரை ஏற்றிக்கொண்டு போனது நினைத்தால் இப்போதும் வேர்க்கிறது. விளக்கில் நிறுத்தினேன், பச்சை விழுந்தது, கார் குலுங்கி அணைந்துவிட்டது. பின்னால் கொண்டெய்னர் லோரி. அவன் அடித்த ஹாரனில் காதடைத்தது. "கிளச்ச முழுசா அமுக்கு. அமுக்கினியா? இப்ப விடு. மெதுவா. மெதுவான்னா மெதுவா." வழி முழுக்க அவர் நல்ல கால் தரையை மிதித்துக்கொண்டே வந்தது, பிரேக் அங்கே இருக்கிற மாதிரி. நான் கியரை மாற்றும்போதெல்லாம் மடியில் கிடந்த மூடிய கை வெடுக்கென்று இழுத்தது. கிளினிக்கில் இறங்கியபோது கையில் சுற்றியிருந்த துணி சிவந்திருந்தது. புண் கட்டுகிற நர்ஸ் மிஸ்ஸி பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டார். இவர் மலாயில், என் பெண்டாட்டி கார் ஓட்டினாள் என்று சொன்னார். மிஸ்ஸிக்கு முகக்கவசம் நழுவுகிற அளவு சிரிப்பு. இவர் சிரிக்கவில்லை.

அந்தப் பயிற்சிப் பெண் சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வாழ்நாள் முழுக்க ஓட்டினவர். அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்தாலே உடம்பு முழுக்க விழித்துக்கொள்ளும். அவர் கை திறக்க வேண்டுமென்றால் நான் ஒழுங்காக ஓட்ட வேண்டும். பெரிதாக யோசிக்கவில்லை, அவ்வளவுதான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை குருபோங் தொழிற்சாலைப் பக்கம் சாலையெல்லாம் வெறிச்சென்று கிடக்கும். லோரிகள் போவதற்கென்று போட்ட அகலச் சாலை. பசாருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கே போவேன். நிறுத்தி எடுப்பேன், திருப்புவேன், மேட்டில் நிறுத்தி மறுபடி எடுப்பேன். சாலையோர நாய்கள்தான் பார்வையாளர். பிறகு பசாருக்கும் போய்க் கொஞ்சம் கீரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கிளினிக்குப் போகும்போது அதட்டல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒருநாள் பாலத்தில் ஏறும்போது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஞாயித்துக்கெழம நீ மூணாவது கியருக்கு லேட்டாப் போற. இஞ்சின் அழுவுது. மாடிவரைக்கும் கேக்குது."

எல்லா ஞாயிற்றுக்கிழமையும் ஜன்னலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கார் கீழே கிளம்பித் திருப்பம் தாண்டுகிறவரை.

டாக்டரம்மா சொன்ன தவணை நெருங்கிவிட்டது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கிளினிக்குப் போனோம். நல்ல கூட்டம். எங்கள் எண் வருமுன்னே தொழுகை இடைவேளைக்கு மூடிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அது நீளம், பகல் இரண்டே முக்காலுக்குமேல்தான் திறப்பார்கள். வீட்டுக்குப் போனால் மூன்று மாடி ஏறி, மறுபடி இறங்க வேண்டும். அவர் காலுக்கு அது ஆகாது. சாப்பாட்டுக் கடையில் நாசி லெமாக் சோறு இரண்டு பொட்டலமும் குடிக்கத் தே ஓவும் வாங்கினேன். காரை எடுத்தேன்.

"எங்க போற?"

"சும்மா."

சும்மா என்கிற சொல் அவருக்குப் பிடிக்காது. ஆனால் வேறு வழியும் இல்லை. தங்கா பத்து ஊர்ப் பக்கம் போய்க் கடலோரம் மர நிழலில் நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கினேன், இஞ்சினை அணைத்தேன். தண்ணீர் உள்வாங்கிச் சேறு தெரிந்தது. தூரத்தில் எண்ணெய்க் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அசையாமல் நின்றன. இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவர் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மொதக் கப்பல் காலி" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அடியில செவப்பு தெரியுது பாரு. லோடு இருந்தா செவப்பு தண்ணிக்குள்ள போயிடும். அடுத்தது லோடு. அதுக்கு அடுத்ததும் லோடு. எறக்க நம்பர் வரணும்லா, அதான் நிக்கிறானுங்க." தே ஓவை ஒரு வாய் உறிஞ்சினார். "ஆலையில நிக்கிற மாதிரியே இருக்கு."

பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார். ஆலை வாசலில் எடைமேடைக்கு முன்னால் லோரிகள் வரிசையாக நிற்குமாம். இஞ்சினை அணைத்துவிடுவார்கள். முன்னால் இருக்கிறவன் நகர்ந்தால்தான் நாம் நகர முடியும். அந்த நேரத்தில் யாரும் வேலை சொல்ல முடியாது, ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்க முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மேலே தூக்கிப் போட்டுக்கொள்வாராம். குலையின் வாசம் காற்றில் வருமாம். சில நாள் அப்படியே தூங்கிவிட்டால் பின்னால் நிற்கிறவன் வந்து கதவைத் தட்டி எழுப்புவானாம். எத்தனையோ வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன், அவர் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வீட்டில் அப்படி உட்கார மாட்டார். வரிசையில் நிற்கும்போது மட்டும்தான் அந்த உடம்பு ஓய்வை ஒத்துக்கொண்டிருக்கிறது.

அவர் பேசிக்கொண்டிருந்தார். நான் கப்பலிலிருந்து கண்ணை எடுத்து அவர் மடியைப் பார்த்தேன். கட்டைவிரல் வெளியே வந்திருந்தது. மற்ற விரல்கள் பாதிக்குமேல் விரிந்து, வெயிலில் காய்கிற இலை மாதிரிக் கிடந்தன. அவருக்குத் தெரியவில்லை. சொன்னால் குனிந்து பார்ப்பார், பார்த்தால் போய்விடும். நான் சாவியை உருவினேன். அந்தச் சாவியில்தான் நகவெட்டி இருந்தது. அவர் சட்டைப்பையிலேயே கிடந்ததை, நான் கார் ஓட்ட ஆரம்பித்த பிறகு ஒருநாள் அவரே எடுத்துக் கொடுத்து இதில் மாட்டச் சொல்லியிருந்தார். கதவைத் திறந்து இறங்கி, சுற்றிக்கொண்டு அவர் பக்கம் போய், அந்தக் கதவையும் மெதுவாகத் திறந்தேன்.

"என்ன?"

"ஒன்னுமில்லங்க. அந்தக் கடைசிக் கப்பல் லோடா, காலியா? எனக்குத் தெரியல."

கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர் சுண்டுவிரலை என் விரலால் தாங்கினேன். இழுக்கவில்லை. நகத்தை நகவெட்டிக்குள் கொடுத்து அமுக்கினேன். டக்கென்று சத்தம் வந்தது.

அவர் தலை திரும்பியது. வெட்டின நகத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இன்னைக்கு வெள்ளிக்கெழம" என்றார்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை நகம் வெட்டுகிற வழக்கம் கிடையாது. வெட்டினால் வீட்டிலிருந்து லட்சுமி போய்விடுவாள் என்பார்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் ஒரு வெள்ளிக்கிழமைகூட வெட்டியதில்லை, பிள்ளைகளையும் வெட்ட விட்டதில்லை. அவர் குரலில் பயம் இருந்தது. என் விரலுக்குமேல் அவர் விரல்கள் மடங்க ஆரம்பித்தன. அடுத்த தவணையில் அறுவைக்குத் தேதி கொடுத்துவிடுவார்கள். இந்தக் கை இனி எப்போது திறக்குமோ தெரியாது. என் வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன்.

"போறதுக்கு லட்சுமி நம்ம வீட்டுக்கு என்னைக்குங்க வந்தா? மூணு மாடி, லிப்டும் இல்ல."

அவர் சிரித்தார். முதலில் மூக்கால், அப்புறம் வயிறு குலுங்க. உடம்பு முடியாமல் போனதிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணித்தான் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் சிரிக்கச் சிரிக்க அந்தக் கை என் கைமேல் தளர்ந்து பாரமாக விழுந்தது. பாரம் என்றால் தூங்குகிற குழந்தையின் பாரம். "வெட்டு, வெட்டு" என்றார், "வந்தா நாம எறங்கி வந்து பாத்துக்கலாம்." எல்லா விரலிலும் வெட்டினேன். உள்ளங்கையை எனக்குக் காட்டுகிற மாதிரி அவரே திருப்பினார். கிளினிக்கில் தந்திருந்த புண் கழுவும் தண்ணீரில் துணியை நனைத்துப் புண்ணைத் துடைத்தேன். எரிந்திருக்கும். முகத்தைச் சுளித்தார், ஆனால் மூச்சை விட்டுக்கொண்டே இருந்தார். சுத்தத் துணியைச் சுருட்டிக் கைக்குள் வைத்தேன். வாடையைக் கடல் காற்று கொண்டுபோயிற்று.

இரண்டே முக்காலுக்குமேல் கிளினிக்குப் போனோம். மிஸ்ஸி கையைப் பார்த்துவிட்டு யார் வெட்டியது என்று கேட்டார். இவர் என்னைக் காட்டி, என் டிரைவர் என்றார்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுநாள் காலையில் கை மறுபடி மூடித்தான் இருந்தது. ஆனால் நகம் இல்லாததால் குத்தவில்லை. அதன்பிறகு எந்தத் தவணைக்கும் நேரத்தோடு கிளம்பி, முதலில் கடலோரம் போய்விடுவோம். இஞ்சினை அணைத்ததும், "இன்னும் நம்பர் வரல" என்று நான் சொல்வேன். அவர் நல்ல காலைத் தூக்கி டாஷ்போர்டில் போடுவார். எது லோடு எது காலி என்று சொல்லிக்கொண்டு வருவார். கொஞ்ச நேரத்தில் கை விரியும். நான் துடைப்பேன், துணி மாற்றுவேன். டாக்டரம்மா அறுவையைத் தள்ளிப்போட்டார், பிறகு வேண்டாம் என்றே சொல்லிவிட்டார். மாத்திரையும் வேலை செய்தது, மிஸ்ஸிமார் கழுவிக் கட்டியதும் வேலை செய்தது, அதை நான் மறுக்கவில்லை. மருந்தை ஒருநாளும் நிறுத்தவும் இல்லை. ஆனால் உடம்பு பூட்டிக்கொண்டிருந்தால் மருந்து எங்கே உள்ளே போவது என்று எனக்குத் தோன்றும். வீட்டில் நான் அதட்டுவதை விட்டேன். அவர் சோபாவில் காலைத் தூக்கிப் போட்டு உட்கார ஒரு வருஷம் பிடித்தது. முதல் தடவை அப்படி உட்கார்ந்திருந்தபோது மகள் வந்துவிட்டாள், சட்டென்று காலை இறக்கிவிட்டார். "அப்பா, லோரி இன்னும் நகரல, உக்காருங்க" என்றாள் அவள். யார் அவளுக்குச் சொன்னது என்று என்னை முறைத்தார்.

புண் ஆறி, உள்ளங்கையில் அரிசி அளவு வெள்ளைத் தழும்பாக நின்றது. கை கடைசிவரை முழுசாகத் திரும்பவில்லை. கியர் பிடிக்கிற கையாக ஆகவில்லை. பாதி விரிந்து, பத்திரிகையின் ஓரத்தை அழுத்திப் பிடிக்க, பேரனின் சட்டையைப் பிடித்து நிறுத்த, அந்த அளவுக்கு வந்தது. அது போதும் என்றார். கார் ஓட்டும்போது என்னைத் திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. ஆனால் திட்டிக்கொண்டே சன்னல் வழியாக வெளியே பார்க்கப் பழகியிருந்தார். ஒருநாள் மகள் வீட்டிலிருந்து திரும்பும்போது பாதி வழியில் தூங்கிவிட்டார். இன்னொருவர் ஓட்டுகிற வண்டியில் அவர் தூங்கினார். எந்தக் குழியிலும் இறங்காமல், பிரேக்கைப் பலமாக அழுத்தாமல், முட்டையை மடியில் வைத்திருக்கிற மாதிரி வீடுவரை ஓட்டினேன். வந்து நிறுத்திய பிறகும் எழுப்ப மனசு வராமல் கீழேயே உட்கார்ந்திருந்தேன். என்னிடம் அவர் சொன்ன நல்ல வார்த்தைகள் கொஞ்சம். அந்தத் தூக்கத்தையும் நான் அதில் சேர்த்துக்கொண்டேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இறந்தார். இருதயம். நான் வேலை முடிந்து வந்தபோது ஜன்னல் பக்கத்து நாற்காலியில் இருந்தார். நல்ல கால் எதிரே இருந்த முக்காலிமேல் கிடந்தது. இடது கை மடியில் மல்லாந்து கிடந்தது, விரித்தபடி. சொந்தக்காரர்கள் வந்து குளிப்பாட்டும்போது, இந்தக் கை மடங்கின கையாச்சே, விரலைச் சேர்த்துக் கட்ட வருமா என்று ஒருவர் கேட்டார். வந்தது. யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. நகமும் வெட்டியிருந்தது, இரண்டு நாள் முன்னால்தான் கடலோரம் வெட்டினேன். எல்லோரும் அழுதார்கள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது எனக்கும் ரத்தக் கொதிப்பு. அதே கிளினிக். போன வெள்ளிக்கிழமை கையில் பட்டையைச் சுற்றி அளந்தார்கள், கூடுதலாக இருந்தது. புது மிஸ்ஸி. ஆன்ட்டி, தோளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், பல்லைக் கடிக்கிறீர்கள், கொஞ்சம் ஓய்வாக இருந்துவிட்டு வாருங்கள், இடைவேளைக்குப் பிறகு மறுபடி பார்க்கலாம் என்று மலாயில் சொன்னாள். வீட்டுக்குப் போய் மீனைக் கழுவி வைத்துவிட்டு வரலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு காரைத் தங்கா பத்துக்கு விட்டேன்.

அதே மர நிழல். இஞ்சினை அணைத்தேன். கப்பல்கள் நின்றன. முதலில் நின்றதற்குச் சிவப்பு தெரிந்தது, காலி. பின்னால் இரண்டு லோடு. கடைசியில் நின்றது சரியாகத் தெரியவில்லை, கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், கேட்க ஆள் இல்லை. செருப்பைக் கழற்றினேன். சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டு, நகவெட்டியைத் திறந்து மூடித் திறந்து மூடி உட்கார்ந்திருந்தேன். என் நகமும் வளர்ந்துதான் இருந்தது. வெள்ளிக்கிழமை என்று பார்க்காமல் சுண்டுவிரலை மட்டும் வெட்டினேன். தோள் எப்போது இறங்கியது என்று எனக்கே தெரியவில்லை. திரும்பிப் போய் அளந்தபோது குறைந்திருந்தது. மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லி அனுப்பினார்கள்.

வீடு திரும்பும்போது பாலத்தில் ஏறினேன். நகவெட்டி முட்டியில் தட்டிக்கொண்டே வந்தது. மூன்றாவது கியருக்கு நேரத்தோடு போட்டேன். இஞ்சின் அழவில்லை.